இரண்டு ஒயரை மாற்றினால் மோட்டார் ஏன் திரும்பிச் சுற்றுகிறது: 12 வாரம் என்பிடெல் பாடம் படித்த கதை

செம்புக் கம்பி வாங்கப் போனால் கடைக்காரர் சொல்லும் பெருமை எதையும் நான் காதில் வாங்குவதில்லை. ஒரு சாண் வெட்டி, விரலில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். மேலே பூசிய எனாமல் வெடித்தால் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். இணையத்தில் கிடைக்கும் இலவசப் பல்கலைக்கழகப் பாடங்களையும் அப்படித்தான் பார்த்தேன். திருநெல்வேலி டவுனில், பேட்டை ரோட்டில் 31 வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேட்டை ஐடிஐயில் வாங்கிய சான்றிதழ் ஒன்றுதான் என் படிப்பு. ஆகவே இதைப் படித்தவர் எழுதும் மதிப்புரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இருந்து தொடங்க வேண்டும். ஆற்றோரத்து ஊர்களில் மோட்டார் அறையோடு முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாளில் இருந்து கடை வாசலில் வண்டி வண்டியாக மோட்டார் வந்து இறங்கியது. சுத்தமல்லி, கோபாலசமுத்திரம், முன்னீர்பள்ளம் என்று நான் வாடிக்கையாகப் பார்க்கும் ஊர்கள்தான். ஒவ்வொன்றையும் கழற்றினால், கம்பி சுற்றியிருக்கும் நகராத வெளிப்பகுதியான ஸ்டேட்டரின் பல்லிடுக்கில் எல்லாம் வண்டல். பல் விளக்கும் பிரஷ் வைத்து மண்ணைத் தோண்டி, நல்ல தண்ணீரில் அலசி, சூட்டில் காயவைத்து, மின்கசிவு சோதிக்கும் மெகர் கருவி வைத்துப் பார்த்தால் பத்துக்கு ஆறு தேறவில்லை. பொங்கல் வரை நான் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் சுத்தமல்லிக்காரப் பெரியவர் ஒருவர் தம் பேரனோடு வந்தார். பையன் பாலிடெக்னிக் முதல் வருஷம். வேலை முடித்த மோட்டாரை ஓட்டிக் காட்டினேன், தலைகீழாகச் சுற்றியது. வழக்கம்போல மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டேன், சரியாகச் சுற்றியது. பையன் கேட்டான்: "அண்ணாச்சி, இரண்டு ஒயரை மாற்றினால் ஏன் திரும்பிச் சுற்றுகிறது?"

"அது அப்படித்தான்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கிண்டல் இல்லை, உண்மையிலேயே பதிலுக்காகக் காத்திருந்தான். அவர்கள் போன பிறகும் எனக்கு அது போகவில்லை. ஆயிரக்கணக்கில் மோட்டார் சுற்றியிருக்கிறேன். எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டில் இருந்து எந்த ஸ்லாட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏன் சுற்றுகிறது என்று மட்டும் தெரியாது.

மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். அவளிடம் புலம்பினேன். "ஐஐடி வாத்தியார் நடத்துகிற பாடமே சும்மா கிடைக்கிறதே அப்பா" என்று சொல்லி, என் போனில் ஸ்வயம் தளத்தைத் திறந்து என் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். மின்பொறிகள் பற்றிய 12 வாரப் பாடம். 2024 ஜூலையில் தொடக்கம்.

என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. மத்திய அரசின் பணம். முதலில் வகுப்புகளைப் படம் பிடித்துப் போட்டார்கள். 2014-ல் இருந்து பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கும் வசதியும் வந்தது. ஸ்வயம் என்பது 2017-ல் வந்த பொதுவான தளம். என்பிடெல் பாடங்களும் அதன் வழியாகவே நடக்கின்றன. சேரக் காசு இல்லை. வயது, படிப்பு எதையும் கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. பரீட்சை எழுத விரும்பினால் மட்டும் கட்டணம்; நான் கட்டியது 1,000 ரூபாய். எழுதாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாடம் முழுக்க நம்முடையது.

வாரத்துக்கு ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தை ஒட்டி வரும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, மொட்டைமாடியில் சுக்குக் காபியோடு உட்காருவேன். ஆங்கிலம் எனக்கு மோட்டார் கம்பெனியின் பெயர்ப்பலகை படிக்கும் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஒரு வசதி, பேராசிரியர் பேசும் வேகத்தை முக்காலாகக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் அவர் கொஞ்சம் உறக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இருக்கும். இரண்டே நாளில் பழகிவிட்டது. தொழில் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதாம். ஸ்டேட்டர், ரோட்டார், ஸ்லாட், போல் என்று அவர் சொல்லும்போது, வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி இருந்தது.

தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு: என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு வகுப்பின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சேரும் முன் உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், கணினியே மொழிபெயர்த்துப் போடும் தமிழ் வரிகளை நம்பி ஒருநாள் உட்கார்ந்தேன். டி.சி. மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்குமே, அதைத் 'தூரிகை' என்றது. 'தூரிகைகள் தேய்ந்ததும் மாற்ற வேண்டும்.' காந்தமுனையைக் குறிக்கும் போல் என்பது 'கம்பம்' ஆயிற்று. நான்கு கம்பம் உள்ள மோட்டார்! கடையில் வேலை செய்யும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அன்று முழுக்க அவன் பிரஷ் எடுத்துக்கொடு என்று சொல்லவே இல்லை, தூரிகை கொடுங்கள் அண்ணாச்சி என்றுதான் கேட்டான்.

இரண்டாவது வாரத்தில் சுவரில் முட்டினேன். கணக்குச் சுவர். மின்னோட்டத்தைப் பேராசிரியர் அம்புக்குறியாக வரைகிறார், அம்பு சுற்றுகிறது, பக்கத்தில் 'ஜே' என்று ஓர் எழுத்து. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலமாம். எனக்குத் தெரிந்து கடனுக்குத்தான் மைனஸ்; அதற்கு வர்க்கமூலம் வேறா? மூன்று நாள் பாடத்தைத் திறக்கவில்லை. மகள்தான் தன் பழைய பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். தமிழ்நாட்டுப் பாடநூல், இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 'கலப்பு எண்கள்' என்ற இரண்டாம் பாடம். தமிழில், நல்ல நிதானமாக எழுதியிருந்தார்கள். அங்கே அந்த எழுத்து 'ஐ'. ஏன் மின்சாரக்காரர் மட்டும் 'ஜே' போடுகிறார் என்று மகளைக் கேட்டால், 'ஐ' என்பதை நீங்கள் கரண்டுக்கு எடுத்துக்கொண்டீர்களே அப்பா என்றாள். அது உண்மைதான். இலவசப் பாடம் என்று விளம்பரம் செய்பவர் யாரும் இந்த இடத்தைச் சொல்வதில்லை. மேல்படிப்புப் பாடம் மேல்படிப்புக்காரருக்காக நடத்தப்படுவது. நடுவில் விட்டுப்போன படிகளை நாமேதான் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த ஒரு மாதத்திலும் பாடத்தை விட்டுவிடாமல் இருந்ததற்கு ஒரே காரணம் வீட்டுப்பாடம். வாரா வாரம் பத்துப் பதினைந்து கேள்வி. கடைசித் தேதி புதன்கிழமை இரவு 11.59. பன்னிரண்டில் மிக நல்ல மதிப்பெண் வந்த எட்டு வாரங்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள், அந்த வகையில் தாராளம்தான். நேரத்தில் தாராளம் கிடையாது. ஒரு புதன்கிழமை இரவு 11.40-க்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. மோட்டார்க்காரன் வீட்டில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியை அதற்கு முந்தின வாரம்தான் கடைக்குத் தூக்கிப் போயிருந்தேன். போன் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு மகள் வாசிக்க, நான் விடையைத் தொட, 11.56-க்கு அனுப்பினோம். வீட்டுக்காரி எழுந்து வந்து, "இந்த வயதில் என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

வைண்டிங் முடித்த ஸ்டேட்டரைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. உள்ளே சுற்றும் ரோட்டாரைப் போடாமல், காலி ஸ்டேட்டருக்குள் ஒரு பேரிங் குண்டைப் போடுவோம். டிம்மர் வைத்துக் குறைந்த வோல்டேஜில் மூன்று பேஸ் கரண்ட் கொடுத்து, குண்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் அது உள்சுவரை ஒட்டி 'கிர்ர்' என்று சுற்றி ஓடும். சீராக ஓடினால் வைண்டிங் சரி. தடுமாறினாலோ ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டாலோ ஏதோ ஒரு காயில் தலைமாறி இருக்கிறது. என் குரு சொல்லிக்கொடுத்தது. நான் என் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குண்டு ஏன் ஓடுகிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடத்தில் சுழலும் காந்தப்புலம் பற்றிய வகுப்பு வந்தது. பேராசிரியர் மூன்று காயில்களை ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வரைந்தார். மூன்றிலும் ஓடும் கரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சிக்கு வருகிறது. முதல் காயில் பலமாக இழுக்கும்போது மற்ற இரண்டும் மெலிந்திருக்கின்றன, அது தளரும்போது அடுத்தது பலம் பிடிக்கிறது, பிறகு மூன்றாவது. காயில் ஒன்றும் நகரவில்லை. காந்தத்தின் இழுப்பு மட்டும் ஒரு காயிலில் இருந்து அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறிச் சுற்றி வருகிறது. ஆனித் திருவிழாவில் ராட்டினத்தைச் சுற்றி மூன்று ஆள் நின்று, தன்னிடம் தொட்டில் வரும்போது மட்டும் தள்ளிவிடுவார்களே, அதேதான். தள்ளுகிற முறையில் இரண்டு பேர் தங்களுக்குள் முறை மாற்றிக்கொண்டால் ராட்டினம் எதிர்ப்பக்கமாகத்தான் போகும்.

வகுப்பை அங்கேயே நிறுத்தினேன். மணி ஐந்தே முக்கால். வேஷ்டியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். முந்தின நாள் சுற்றி முடித்து, வார்னிஷ் போடாமல் வைத்திருந்த 5 எச்.பி. ஸ்டேட்டர் ஒன்று மேசையில் இருந்தது. குண்டைப் போட்டேன், டிம்மரைத் திருகினேன். இடமிருந்து வலமாக ஓடியது. நிறுத்தி, மஞ்சளையும் நீலத்தையும் மாற்றிக் கட்டினேன். வலமிருந்து இடமாக ஓடியது. மறுபடி மாற்றினேன். மறுபடி. நேர் எதிர்க் கடைப் பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காலங்காத்தாலே கோலிக்குண்டு விளையாட்டு?" என்றார். 31 வருஷமாக, நாள் தவறாமல், அந்தச் சுழலும் புலத்தை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரியாது. டெஸ்லா 1888-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று தெரியாது.

இந்த ஒரு வகுப்புக்கே நான் ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பேன். அதன் பிறகு கையில் பழகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் வந்து ஒட்டிக்கொண்டது. எரிந்த மோட்டாரைத் திறந்தவுடன் சில நேரம் மூன்றில் இரண்டு பேஸ் காயில் கரியாகி, ஒன்று மட்டும் புதுசு போல இருக்கும். சில மோட்டாரில் ஒன்று மட்டும் கரி, இரண்டு நன்றாக இருக்கும். இரண்டுமே ஒரு பேஸ் போய்விட்டதைக் கவனிக்காமல் ஓட்டிய மோட்டார்தான் என்று எந்த வைண்டிங்காரனும் சொல்லிவிடுவான். முதல் வகை மூன்று பேஸின் ஒரு முனையையும் ஒன்றாக முடிந்த ஸ்டார் கட்டு, இரண்டாவது மூன்றையும் முக்கோணமாக இணைத்த டெல்டா கட்டு என்பதும் பழக்கத்தில் தெரியும். ஸ்டாரில் ஒரு ஒயர் செத்துப்போனால் மீதி இரண்டு பேஸும் தொடராக நின்று மொத்தப் பாரத்தையும் சுமக்கின்றன, மூன்றாவதில் கரண்டே இல்லை. டெல்டாவில் ஒரு பேஸ் மட்டும் முழு வோல்டேஜையும் நேராக வாங்கி வேகிறது, மற்ற இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாக நின்று தப்பித்துக்கொள்கின்றன. படம் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

வாடிக்கையாளருக்கும் பயன்பட்டது. கோடையில் வோல்டேஜ் இறங்கும்போது, "மோட்டாரை நீங்கள் சரியாகச் சுற்றவில்லை, இழுக்க மாட்டேன் என்கிறது" என்று சண்டைக்கு வருவார்கள். முன்பெல்லாம் நானும் சண்டை போடுவேன். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும் என்று எட்டாவது வாரத்தில் படித்தேன். 415 வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் விசை மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். சண்டை குறைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சண்டை இப்போது மின்வாரியத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

மற்ற இடங்களையும் எட்டிப் பார்த்தேன். அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை எல்லாம் திறந்து வைக்கப்போவதாக 2001-லேயே அறிவித்தது; இன்று 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் அங்கே இருக்கின்றன. பெயர் பதிய வேண்டாம், மின்னஞ்சல் கூட வேண்டாம், கதவில்லாத வீடு. மகள் அங்கேதான் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளைப் பார்க்கிறாள். 60 வருஷத்துக்கும் மேல் அங்கே பாடம் நடத்தி, 2023-ல் ஓய்வு பெற்றவர். நானும் ஓரமாக உட்கார்ந்து இரண்டு வகுப்பு பார்த்தேன். கணக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, தனக்கே அப்போதுதான் தோன்றியது போல யோசித்து யோசித்து எழுதுகிறார். ஒரு கைவேலைக்காரனைப் பார்ப்பது போல இருந்தது. தரத்தில் குறை சொல்ல என்னால் முடியாது. எனக்கு ஒத்துவராதது வேறு. அங்கே கடைசித் தேதி இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. என்னை மாதிரி ஆளுக்கு அது ஆகாது. மின்சுற்றுப் பாடம் ஒன்றை அங்கே தொடங்கினேன். ஐந்தாவது வகுப்பில் நிறுத்தியவன் இன்னும் அங்கேயே நிற்கிறேன். என் மகளுக்கோ கடைசித் தேதி என்றாலே ஆகாது, அவளுக்கு அதுதான் சொர்க்கம்.

இன்னொரு வெளிநாட்டுத் தளத்தில், 'இலவசமாகத் தொடங்குங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கார்டு எண் கேட்டார்கள், கொடுத்தேன். ஏழு நாள் கழித்துக் கணக்கில் இருந்து பணம் போனது. இலவசம் என்பது அந்த ஏழு நாளுக்குத்தானாம். அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தது. குற்றம் என்னுடையது என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். கார்டு கேட்கும் இடத்தை நான் இலவசம் என்று கணக்கில் வைப்பதில்லை.

பரீட்சைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, ஒரு கல்லூரியில். கணினியில் எழுத வேண்டும், ஆனால் வீட்டில் இருந்து எழுத முடியாது, நேரில் போக வேண்டும். வாசலில் பையன்களும் பெண்களுமாகக் கூட்டம். கல்லூரிப் படிப்பில் ஒரு பங்கை ஸ்வயம் வழியாகவே படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு 40 சதவீதம் வரை அனுமதித்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு கூட்டம். காவலாளி என்னை மட்டும் நிறுத்தி, பெற்றோர் எல்லாம் வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும் என்றார். நுழைவுச்சீட்டைக் காட்டினேன். அதில் இருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பையன் போட்டோவுக்குப் பதிலாக உங்கள் போட்டோ ஏறிவிட்டதா?" என்று கேட்டார். உள்ளே போவதற்குள் பத்து நிமிடம் ஆனது.

முதல் கேள்வியே எனக்காக எழுதியது போல இருந்தது. ஆறு போல், 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 960 சுற்று வேகம், வழுவல், அதாவது சுழலும் புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு, எவ்வளவு? புலத்தின் வேகம் 1000; அதற்கு 40 குறைவு, நான்கு சதவீதம். எத்தனை பெயர்ப்பலகையில் 960 என்ற எண்ணைத் துடைத்துப் படித்திருப்பேன்! பக்கத்துப் பையன் தாளில் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கர்வம் ஏழாவது கேள்வி வரை தாங்கியது. மோட்டாரை வெறும் தடைகளும் சுருள்களுமாகப் பிரித்துக் காகிதத்தில் வரைவார்கள். அந்தச் சமானச் சுற்று பற்றி வரிசையாகக் கேட்டார்கள். எனக்கு மோட்டார் என்றால் இரும்பு, செம்பு, வார்னிஷ் வாடை. காகிதத்தில் கோடாகக் கிடக்கும் மோட்டாரைக் கண்டால் இன்றும் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுவில் என் கணினி நின்றுபோய் வேறு கணினிக்கு மாற்றினார்கள். எழுதியது அழியவில்லை, நேரமும் திரும்பக் கிடைத்தது, உயிர் மட்டும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

முடிவு சில வாரத்தில் வந்தது. வீட்டுப்பாடத்துக்கு 25-க்கு 21. பரீட்சைக்கு 75-க்கு 37. மொத்தம் 58. பாஸ்; வீட்டுப்பாடத்தில் 10, பரீட்சையில் 30 வாங்கினால் போதும். ஆனால் மொத்தம் 60 வாங்கினால் சான்றிதழில் 'எலைட்' என்று போடுவார்கள். இரண்டு மதிப்பெண்! சமானச் சுற்றுக்கு இன்னும் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம். சான்றிதழ் தபாலில் வராது. நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்தேன். 40 ரூபாய்.

அடுத்து 2025 ஜனவரியில் நீரியல் பாடத்தில் சேர்ந்தேன். அந்த டிசம்பர் மழைதான் காரணம். பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை, பாடம் மட்டும் கேட்டேன். எடுத்துக்காட்டுக்கு அவர்கள் எந்த ஆற்றைச் சொன்னாலும் என் மனசில் ஓடியது தாமிரபரணிதான். பாபநாசம், மணிமுத்தாறு, அப்புறம் வரிசையாக எட்டு அணைக்கட்டு, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வரை. மழையைச் சென்டிமீட்டரில் கேட்கும்போது அது எவ்வளவு தண்ணீர் என்று நமக்கு உறைப்பதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்றார்களே, அதை ஒரு ஏக்கருக்குப் பெருக்கிப் பார்த்தேன். 38 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 320 லாரி, ஒரே ஏக்கரில், ஒரே நாளில். அதைத் தெரிந்த பிறகு அந்த மோட்டார்களுக்குள் இருந்த வண்டலைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, மோட்டார் இருந்ததே பெரிது.

அதே பாடத்தில் 'நூறு வருஷ வெள்ளம்' என்றால் என்ன என்பதும் வந்தது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்து வருவது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. எந்த வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். போன வருஷம் வந்தது என்பதால் இந்த வருஷம் வாய்ப்புக் குறைவதில்லை. கணக்குப் போட்டால், 30 வருஷத்தில் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. என் தம்பி மகன் ஆற்றோரம் வீடு கட்ட 30 வருஷக் கடன் வாங்குகிறான். அவனை உட்காரவைத்து இதைச் சொன்னேன். "சித்தப்பா எல்லாம் சும்மா இருக்கிறார்கள், பெரியப்பா நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்" என்றான். ஆனால் அடித்தளத்தை மூன்று அடி உயர்த்திவிட்டான்.

சேர நினைப்பவர்களுக்கு என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். முதலில் என்பிடெல்லில் நாலு வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். பன்னிரண்டு வாரம் என்பது ஒரு கார் நெல் சாகுபடி மாதிரி, நாற்று விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் எட்டுப் பாடத்தில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார், எதிலும் இரண்டாவது வாரத்தைப் பார்த்ததில்லை. பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அந்தக் காசு உங்களைத் துரத்தும். வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேர்வதானால் என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அந்த விஷயம் தெரியாது. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்து, அதில் நீங்கள் 'அது அப்படித்தான்' என்று சொல்லிச் சமாளிக்கும் இடம் ஒன்றாவது இருந்தால், அந்தப் பாடத்தைத் தேடிப் பாருங்கள். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கரை போடுவேன். அரையை அந்தச் சமானச் சுற்றுக்காகப் பிடித்துவைக்கிறேன்.

சான்றிதழைக் கடையில் மெகருக்கு மேலே மாட்டியிருக்கிறேன். போன மாதம் சுத்தமல்லிப் பெரியவர் மறுபடி வந்தார், பேரன் இல்லாமல், ஒரு நீர்மூழ்கி மோட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. பேரன் மதுரையில் வேலைப் பயிற்சிக்குப் போயிருக்கிறானாம். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது, போனில் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். பெரியவருக்கு அவன் கேட்டது நினைவே இல்லை. சுவரில் இருந்த சான்றிதழைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஐஐடியா? அப்படியானால் இனிமேல் கூலி ஏறுமோ அண்ணாச்சி?"

"ஏறாது. பழைய கூலிதான்."

"அப்படியானால் சரி" என்று சாக்கை அவிழ்த்தார்.